அறுநூறு டாலருக்கு ஒரு மான் துப்பாக்கி: காசை எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள்?

பென்சில்வேனியாவுக்குக் குடிவந்த சில வருடங்களில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு டிசம்பர் மாதம் ஐஸ் பெட்டி நிறைய மான் கறி கொண்டுவந்து கொடுத்தார். கொழுப்பே இல்லாத கறி. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்து ஒரு கிண்ணம் அவருக்கே திருப்பிக் கொடுத்தோம். அடுத்த சீசனில் என்னையும் காட்டுக்குக் கூட்டிப் போனார். அன்றிலிருந்து நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "முதல் ரைஃபிள், ஸ்கோப்போடு சேர்த்து அறுநூறு டாலர்தான் செலவழிப்பேன். எதை வாங்கட்டும்?" (ஸ்கோப் என்றால் துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி.)

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாக இருக்கும். இந்தியாவில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோன கதை. அமெரிக்காவில் மான் வேட்டை லைசன்ஸ், சீசன், கோட்டா என்று வரையறுத்து நடக்கிறது. ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் வசூலாகும் 11 சதவீதக் கூட்டரசு வரி 1937-ஆம் வருடச் சட்டப்படி வனவிலங்குப் பராமரிப்புக்குத்தான் போகிறது. நீங்கள் பார்க்கும் விலைக்குள் அதுவும் அடக்கம்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம், நம்மவர்களுக்காக. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் கையில் இருந்தால் மட்டும் விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை இல்லை. எந்த விசாவானாலும் கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் துப்பாக்கி கைக்கு வரும். முதல் தடவை லைசன்ஸ் எடுக்கிறவர் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், வக்கீலிடம் கேளுங்கள்.

இங்கே சொல்லப்போகும் ரைஃபிள்கள் எல்லாமே ஒரே வகை. ஏன் போல்ட் ஆக்‌ஷன்? பென்சில்வேனியாவில் மானுக்கு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) கூடாது என்பது ஒரு காரணம். தோட்டாவை ஏற்றிப் பூட்டும் போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளும் துப்பாக்கிதான் விலைக்குத் தக்க துல்லியம் தரும், சுத்தம் செய்யவும் சுலபம் என்பது இன்னொரு காரணம்.

இனி, எல்லாரும் முதலில் கேட்கும் துல்லியம். இங்கே அளவுகோல் எம்.ஓ.ஏ., குண்டுகள் எவ்வளவு பரவி விழுகின்றன என்பதைச் சொல்லும் கோண அளவு; நூறு கஜத்தில் சுமார் ஓர் அங்குலம், கணக்காகச் சொன்னால் 1.047. "சப்-எம்.ஓ.ஏ." என்று பெட்டியிலேயே அச்சடித்து விற்கிறார்கள். அதாவது ஒரு எம்.ஓ.ஏ.வுக்கும் குறைவு. பெரும்பாலும் அது மூன்று குண்டுக் குரூப்பை, அதாவது ஒரே குறிக்குச் சுட்ட மூன்று குண்டுகளின் பரவலை வைத்துச் சொல்வது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதே ரைஃபிள், அதே தோட்டா, அதே ஆள்; மூன்று குண்டு சுட்டால் சராசரியாக 1 அங்குலம் வருகிறதென்றால் ஐந்து குண்டில் அது ஏறக்குறைய 1.27 ஆகும், பத்தில் 1.6-ஐத் தொடும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை. குண்டுகள் கூடக் கூட ஓரத்தில் ஒன்றாவது விழும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். ஆக ஒருவர் மூன்று குண்டிலும் இன்னொருவர் ஐந்து குண்டிலும் எடுத்த குரூப் படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண் வேலை.

அதைவிட முக்கியம், அந்தத் துல்லியம் நமக்கு எவ்வளவு வேண்டும் என்பது. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஒரு டிபன் தட்டு அகலம், சுமார் 8 அங்குலம். எங்கள் பக்கத்துக் காட்டில் நூற்றைம்பது கஜத்துக்கு மேல் பார்க்க மரம் விடாது. ஒன்றரை எம்.ஓ.ஏ. ரைஃபிள் அந்தத் தூரத்தில் இரண்டே கால், இரண்டரை அங்குலத்துக்குள் போடும். மீதி தவறு முழுக்க நம் கையிலும் மூச்சிலும் குளிரிலும்தான். இந்த விலையில் இன்று கிடைக்கும் பெயர் தெரிந்த ரைஃபிள்கள் எல்லாமே இந்த ஒன்றரையை எட்டிவிடும், பல அதைவிட நன்றாகவே சுடும். எனவே துல்லியத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. நான் பார்ப்பது வேறு: விலையைக் குறைக்க யார் எந்தப் பாகத்தில் கை வைத்தார்கள்?

காசு மிச்சம் பிடிப்பது எல்லாமே மோசம் என்றில்லை. பழைய முறையில் குழலை, போல்ட் ஓடும் உலோகக் கூடான ரிசீவருக்குள் முறுக்கி, போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உள்ளே போய் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம், அதாவது ஹெட்ஸ்பேஸ், சரியாக வரும்வரை ஒவ்வொன்றாகச் செதுக்கிச் சரிசெய்ய வேண்டும். கைதேர்ந்த ஆள் வேண்டும். சாவேஜ் நிறுவனம் 1958-இல் கொண்டுவந்த 110 மாடலில் இதற்கு ஒரு நட் போட்டார்கள். அளவுக் கருவியை உள்ளே வைத்து, குழலை அது தொடும்வரை முறுக்கி, நட்டை இறுக்கினால் முடிந்தது வேலை. பார்க்க அழகில்லை, குழாய் இணைப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் அளவு அச்சு மாறாமல் வரும். ரூகர் நிறுவனத்தின் அமெரிக்கன் மாடலும் அதே வழியில்தான் போனது. இது நல்ல சிக்கனம்.

கெட்ட சிக்கனத்துக்கு எடுத்துக்காட்டு வின்செஸ்டர் மாடல் 70. 1936-இல் வந்து பெயர் வாங்கிய ரைஃபிள். 1964-இல் செலவைக் குறைக்கிறோம் என்று தோட்டாவைப் பிடித்து உள்ளே கொண்டுபோகும் அமைப்பையே மாற்றினார்கள். தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையில் கையால் வெட்டிய கோலத்துக்குப் பதில் அச்சில் அழுத்திய கோலம் வந்தது. அறுபது வருடம் ஆகியும் பழைய துப்பாக்கிச் சந்தையில் "அறுபத்து நாலுக்கு முந்தியது" என்றால் தனி விலை.

சரி, கடைக்குள் போவோம்.

சாவேஜ் ஆக்ஸிஸ் II. இதன் முன்னோடி 2010-இல் எட்ஜ் என்ற பெயரில் வந்து அடுத்த வருடமே ஆக்ஸிஸ் என்று பெயர் மாறியது. ஸ்கோப்போடு சேர்த்து எக்ஸ்பி பேக்கேஜாக ஐந்நூறுக்குள் கிடைக்கும். இதில் உள்ள அக்யூட்ரிகர்தான் இதன் சொத்து. விரலால் அழுத்திச் சுடும் விசையின் நடுவில் ஒரு மெல்லிய தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தாமல் துப்பாக்கி சுடாது. அதனால் விசையை இலகுவாக வைத்தாலும் ஆபத்தில்லை. வெறும் ஆக்ஸிஸில் இது இல்லை, விசை கனமாக இருக்கும். கொஞ்சம் காசு மிச்சம் என்று அதை வாங்காதீர்கள்.

மிச்சம் பிடித்தது கட்டையில். (பேர்தான் கட்டை, எல்லாம் வார்ப்பு பிளாஸ்டிக்.) கடையில் ஒரு நண்பர் முன்பகுதியைக் குழலோடு சேர்த்து விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "அண்ணா, தயிர் டப்பா மாதிரி நெளியுதே" என்றார். உண்மைதான். மணல்மூட்டையில் மெதுவாக வைத்துச் சுட்டால் பிரச்சினை இல்லை. மரக்கிளையில் சாத்தி அழுத்தினாலோ தோள்வாரை இறுக்கி இழுத்தாலோ அந்தப் பிளாஸ்டிக் குழலைத் தொடும். தொட்டால் குண்டு இடம் மாறும். போல்ட்டும் முதலில் மணல் போட்டு அரைக்கிற சத்தத்தோடுதான் ஓடும். ஆனால் குழல் நல்ல குழல். இது சாவேஜின் பழைய பழக்கம்: முகத்தை அழகு பண்ண மாட்டார்கள், குண்டு போகிற வழியில் குறை வைக்க மாட்டார்கள்.

ரூகர் அமெரிக்கன். 2011 கடைசியில் அறிவித்தார்கள், அப்போது பட்டியல் விலை 449 டாலர். கட்டை இதிலும் பிளாஸ்டிக்தான், ஆனால் ரிசீவர் உட்காரும் இடத்தில் வார்ப்போடு சேர்த்தே உலோகக் கட்டிகளைப் பதித்திருக்கிறார்கள். ரிசீவர் அதன் மேல் ஆப்பு வைத்த மாதிரி உட்காரும், குழல் எதையும் தொடாமல் நிற்கும். எனக்கு இந்த ஒரு விஷயமே போதும். முன்பகுதி லேசாக நெளிந்தாலும் அடிப்படை அசையாது. போல்ட்டில் மூன்று பூட்டுப் பற்கள், எனவே கைப்பிடியை 70 டிகிரி தூக்கினால் போதும். ஸ்கோப்பின் பின்கண்ணாடியில் விரல் முட்டாது. கோணம் குறைகிறபோது தூக்கத் தேவையான பலம் கூடும் என்பது இயல்பு, புதிதில் அது தெரியும். வெறும் போல்ட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கிரிக்கெட் பார்த்துக்கொண்டே இருநூறு தடவை இழுத்துத் தள்ளுங்கள், பாதி சரியாகிவிடும். (அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. துப்பாக்கிக்குள் மட்டுமல்ல, நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே.)

முதல் தலைமுறையின் குறை மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கி மாட்டும் பெட்டி. சுழலும் வகை, முழுக்கப் பிளாஸ்டிக், பிடிப்புத் தாழ்ப்பாள் தேய்ந்தால் காட்டில் விழுந்து தொலையும். 2023 கடைசியில் இரண்டாம் தலைமுறையை அறிவித்தார்கள்: மூன்று நிலை சேஃப்டி, கன்னம் வைக்கும் இடத்தை உயர்த்தலாம், கட்டை நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பட்டியல் விலையும் 729-க்கு ஏறியது. கடை விலை அதைவிடக் குறைவுதான், ஆனாலும் ஸ்கோப்போடு அறுநூறுக்குள் அடங்காது. பழைய தலைமுறை மீந்திருந்தால் அதுதான் இந்தப் பட்ஜெட்டுக்குச் சரி.

ரூகர் எழுத்துப்பூர்வமாக வாரண்டி தருவதில்லை என்பது பலருக்கு அதிர்ச்சி. ஆனால் பழுது என்று அனுப்பினால் பார்த்துக் கொடுப்பதில் அவர்களுக்கு நல்ல பெயர்.

மாஸ்பெர்க் பேட்ரியட். 2015-இல் வந்தது. கடைச் சுவரில் மற்றவற்றோடு நிற்கும்போது இதுதான் கண்ணைப் பறிக்கும். போல்ட்டில் சுருள் வெட்டு, சில மாடல்களில் அசல் வால்நட் மரக்கட்டை, 2 முதல் 7 பவுண்டுவரை மாற்றிக்கொள்ளக்கூடிய விசை. இந்த விலைக்கு மரம் வேறு எங்கும் சுலபத்தில் கிடைக்காது. நான் கையில் எடுத்துப் பார்த்தவற்றில் போல்ட் பின்னால் இழுத்த நிலையில் நன்றாகவே ஆடியது. சுடும்போது அதனால் ஒன்றும் இல்லை. அவசரத்தில் இரண்டாவது தோட்டா ஏற்றும்போது சிக்குமோ என்று மனசு அடித்துக்கொள்ளும். மரத்தை விரும்புகிறவர்களுக்கு இது, மற்றவர்களுக்கு மேலே சொன்ன இரண்டில் ஒன்று.

டிக்கா டி3எக்ஸ் லைட். பட்ஜெட்டுக்கு வெளியே, எழுநூறு எண்ணூறைத் தாண்டும். பின்லாந்தின் ரீஹிமாகியில் சாக்கோ தொழிற்சாலையில் செய்வது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், கடையில் எந்த விலைகுறைந்த போல்ட்டை இழுத்த பிறகும் இதன் போல்ட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். துப்பாக்கியை வானம் பார்க்கப் பிடித்தால் போல்ட் தானே வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். அந்த ஒரு நொடியில் முந்நூறு டாலர் எங்கே போகிறது என்பது புரிந்துவிடும்.

ஆனால் இதிலும் சிக்கனம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. சின்னத் தோட்டாவுக்கும் பெரிய தோட்டாவுக்கும் ஒரே நீள ரிசீவர். மேகசின் பிளாஸ்டிக். 2003-இல் வந்த முதல் டி3-இல் உதையைத் தாங்கும் லக் அலுமினியத்தில் இருந்தது, போல்ட்டின் பின்மூடி பிளாஸ்டிக்கில் இருந்தது, வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். 2016-இல் டி3எக்ஸ் வந்தபோது லக் இரும்பாகவும் மூடி உலோகமாகவும் மாறின. அதாவது இதுவும் செலவைக் குறைத்து வடிவமைத்த ரைஃபிள்தான். எதில் கை வைக்கக் கூடாது என்பது அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது.

பழைய ரெமிங்டன் 700. அடகுக்கடை, பழைய துப்பாக்கி ரேக் எங்கும் 1962 முதல் வந்த இந்த மாடல் நிற்கும். நானூறு ஐந்நூறுக்கு நல்ல எஃகு, சில சமயம் நல்ல மரமும். எனக்கும் ஆசைதான். ஆனால் விசையை விசாரிக்காமல் தொடாதீர்கள். 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை எக்ஸ்-மார்க் ப்ரோ விசையோடு வந்த 700, மாடல் செவன் ரைஃபிள்களை நிறுவனமே 2014-இல் திரும்ப அழைத்தது. உள்ளே ஒட்டுப்பசை அதிகமாகிப்போனதால் விசையைத் தொடாமலே வெடிக்கலாம் என்பது காரணம். அதற்கு முந்தைய வாக்கர் விசையும் வழக்குவரை போனது. சரிசெய்யப்பட்டதா என்று சீரியல் எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் விசையை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். விவரம் தெரிந்த துணை இல்லாமல் முதல் ரைஃபிளாக இது வேண்டாம்.

மலிவு ரைஃபிளில் பிராண்டின் ஆயுளும் ஒரு விலை. தாம்ப்சன் சென்டர் காம்பஸ் நல்ல மூன்று பல் ரைஃபிள். 2021-இல் ஸ்மித் அண்ட் வெஸன் அந்தப் பிராண்டையே கைகழுவியது. அதோடு கூடுதல் மேகசின் தேடுவது தனி வேட்டையானது. எதை வாங்கினாலும் அன்றைக்கே ஒரு மேகசினைச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

இனி என் முட்டாள்தனம். என் முதல் ரைஃபிள் ஸ்கோப் மாட்டி வந்த பேக்கேஜ். பிராண்ட் வேண்டாம். சுடுதளத்தில் நூறு கஜத்தில் முதல் இரண்டு குண்டும் ஒட்டிக்கொண்டு விழுந்தன. மூன்றாவது நாலு அங்குலம் இடப்பக்கம். நாலாவது மேலே. மூச்சைச் சரிபண்ணினேன், தோட்டா பிராண்டை மாற்றினேன். இரண்டு சனிக்கிழமை, மூன்று பெட்டி, அறுபது தோட்டா. மலிவுச் சரக்கு தன் புத்தியைக் காட்டிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாவது வாரம் பெரியவர் வந்தார், சுடவே இல்லை. ஸ்கோப்பைப் பிடித்து லேசாகத் திருகினார். அசைந்தது. அடித்தட்டின் முன் ஸ்க்ரூ வெறும் விரலுக்கே சுற்றியது. துப்பாக்கிக்கு ஒரு ஸ்க்ரூ கழண்டிருக்க, நான் எனக்குத்தான் கழண்டுவிட்டதோ என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எண்ணெயைத் துடைத்து, ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீலப் பசை ஒரு சொட்டு விட்டு, இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்க்ரூடிரைவரால் முறுக்கியதும் அதே ரைஃபிள் ஒன்றேகால் அங்குலத்துக்குள் வந்தது.

அதனால் பேக்கேஜைப் பற்றி என் கருத்து இதுதான். கூட வரும் 3-9 ஸ்கோப் (மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெரிதாக்குவது) அதன் விலைக்கு வேலை செய்யும், ஆனால் மாலை ஐந்து மணி வெளிச்சத்தில், மான் வெளியே வரும் சரியான நேரத்தில், கண்ணாடி கலங்கும். நானூறு ரைஃபிளுக்கு, இருநூறு ஸ்கோப்புக்கு என்று பிரிப்பது நல்லது. ஐந்நூறைத் தாண்டவே முடியாதென்றால் பேக்கேஜ் வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் எல்லா ஸ்க்ரூவையும் கழற்றித் திரும்ப மாட்டுங்கள்.

கடையில் பத்து நிமிடம் செலவழித்தால் இதில் பாதியைக் கண்டுபிடிக்கலாம். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் போல்ட்டைத் திறந்து உள்ளே காலிதானா என்று பாருங்கள். கடைக்காரர் இப்போதுதான் பார்த்தார் என்றாலும் பாருங்கள். ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு ரிசீவர் பக்கம்வரை இழுங்கள், எங்கேயாவது மாட்டினால் அங்கே உரசுகிறது என்று அர்த்தம். இதையே முன்பகுதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை. மேகசினை மாட்டிக் கழற்றுவதை கையுறை போட்ட விரலோடு செய்து பாருங்கள். டிசம்பரில் வெறுங்கையோடு நிற்கப் போவதில்லை. அனுமதி கேட்டு, பாதுகாப்பான பக்கம் காட்டி, விசையை வெறுமையாக ஒருமுறை அழுத்துங்கள். கண்ணாடிக் குச்சி முறிகிற மாதிரி பட்டென்று விட வேண்டும், ஜவ்வு மாதிரி இழுபடக் கூடாது. பிறகு கண்ணை மூடித் தோளில் வைத்துத் திறங்கள். கண்ணுக்கு நேரே ஸ்கோப் வராவிட்டால் கட்டை உங்கள் உடம்புக்கு நீளமோ குட்டையோ. நம் ஆட்கள் பலருக்கு அமெரிக்கக் கட்டை அரை அங்குலம் நீளம்தான்.

தோட்டா எது என்பதில் ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவையெல்லாம் ஆறு, ஏழு பவுண்டு எடையுள்ள ரைஃபிள்கள். எடை குறைந்தால் உதை கூடும். .30-06 ரகத் தோட்டா இந்த எடையில் புதியவரின் தோளை நீலமாக்கிவிடும், அடுத்த குண்டுக்கு முன்பே கண் தானாக மூடும். .243, 6.5 கிரீட்மோர், .308 இந்த மூன்றில் உங்கள் ஊர்க் கடையில் எது எப்போதும் இருக்கிறதோ அது. ஒஹாயோவில் இருக்கிறவர்கள் மட்டும் கவனம்: அங்கே ரைஃபிளால் மான் சுட நேர்சுவர்த் தோட்டாதான் (உறை முன்பக்கம் கழுத்துப் போல ஒடுங்காதது), .350 லெஜண்ட் போன்றவை. பக்கத்து மாநிலம்தானே என்று .308 வாங்கிவிட்டு வருந்தியவர்கள் உண்டு.

என் வரிசை இதுதான்: அறுநூறு டாலருக்கு முதல் தலைமுறை ரூகர் அமெரிக்கன், தனியாக வாங்கிய ஸ்கோப். காசு இன்னும் இறுக்கமென்றால் ஆக்ஸிஸ் II. மரம் வேண்டுமென்றால் பேட்ரியட். வருடத்துக்கு ஒரு வாரம் காட்டுக்குப் போவதோடு, சனிக்கிழமைதோறும் சுடுதளத்துக்கும் போவேன் என்கிறவர் மட்டும் இன்னும் நாலு மாதம் சேர்த்து டிக்கா வாங்கலாம். வருடத்தில் முப்பது குண்டு சுடுகிறவருக்கு அந்தப் போல்ட் வழுக்கும் சுகம் வீண் செலவு. அந்த முந்நூறுக்குத் தோட்டா வாங்கிப் பழகினால் டிபன் தட்டுக்குள் குண்டு விழும்.

தயிர் டப்பா என்று சொன்ன அந்த நண்பர் கடைசியில் ரூகரை எடுத்தார், 6.5 கிரீட்மோரில், கூடுதல் மேகசினும் சேர்த்து. படிவத்தை நிரப்பி, சரிபார்ப்பு முடிந்து, பெட்டியோடு நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார். ஸ்கோப்பின் ஸ்க்ரூக்களை நானே முறுக்கிக் கொடுத்தேன். இரண்டு தடவை.